கைரேகையா, முகமா, பின் நம்பரா: மலையில் எது சரிப்படும்?

போனில் வங்கிச் செயலியைத் திறக்க வைக்கும் கைரேகைக்கு நீலகிரியில் முதல் எதிரி தேயிலை. கொழுந்து பறிக்கிற விரலில் கறை ஏறி, ரேகையும் தேய்ந்துவிடுகிறது. கேத்திப் பக்கம் கேரட் பிடுங்கி மூட்டை கட்டும் பையன்களுக்கும் இதே தொல்லைதான். மண்ணும் ஈரமுமாக விரலை வைத்தால் சென்சார் ஏற்காது. துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நம்பரைத்தான் தட்ட வேண்டும். முகத்தைக் காட்டி வங்கிச் செயலியைத் திறக்க இங்கத்திய இளசுகளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

குளிர்காலத்தில் முகமும் கொஞ்சம் படுத்தும். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் விடிகாலையில் பாருங்கள்: மப்ளரை மூக்குக்குக் கீழே இழுத்து, போனை ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி சுற்றிக்கொள்வார்கள். இது பெரிய குறையில்லை.

பெரிய வித்தியாசம் போனில் இருக்கிறது. 2017-ல் வந்த ஐபோன் எக்ஸ் முதல், ஆப்பிளின் முகப்பூட்டான ஃபேஸ் ஐடி கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் வீசி மேடுபள்ளம் அளக்கிறது. இருட்டிலும் வேலை செய்யும். வேற்று ஆள் முகத்துக்குத் திறக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு, விரலுக்கு 50,000-ல் ஒன்று என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. இரட்டையருக்கும் அச்சு அசலாக இருக்கும் உடன்பிறப்புகளுக்கும் இது பொருந்தாது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டுகளில் பெரும்பாலும் முன்கேமரா படம் மட்டும்தான், அதை ஏமாற்றுவது எளிது. அதனால்தான் பூட்டைத் திறந்த அதே முகத்தை வங்கிச் செயலி ஏற்காமல் விரலைக் கேட்கிறது. “போன் ரிப்பேராக்கா?” என்று தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான். ரிப்பேர் இல்லை, காவல்.

பின் நம்பரை பஸ் நெரிசலில் பக்கத்து ஆள் எட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் தெரிந்துபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எங்கே போய் மாற்றுவது? 2025 அக்டோபரில் யூபிஐயிலும் முகம், கைரேகைக்கு வழி திறந்துவிட்டார்கள். என்றாலும் பெரிய தொகைக்கு நான் ஆறு இலக்க நம்பரைத்தான் நம்புவேன். டீ, பன்னுக்கு யூபிஐ லைட் போதும். 1,000 ரூபாய் வரை அது நம்பரே கேட்காது.

இளையவர்கள் கண்டுகொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. செயலியைத் திறக்கக் காட்டும் முகம் போனைத் தாண்டாது. ‘ஆள் சரி’ என்ற பதில் மட்டும்தான் செயலிக்குக் கிடைக்கும். ஆதார் முகச் சரிபார்ப்பு அப்படியில்லை. அதில் படம் சர்வருக்குப் போய் ஒப்பிடப்படுகிறது, சிக்னலும் வேண்டும். கணக்குத் தொடங்கும்போது வீடியோவில் ஆளை உறுதிசெய்யும் வீடியோ கேஒய்சியிலும் முகம் வங்கிக்குப் போகிறது. போனுக்குள்ளேயே நிற்கும் முகத்துக்கும் வெளியே போகும் முகத்துக்கும் ஒரே வேகத்தில் ‘சரி’ அழுத்துகிறார்கள்.

அப்புறம், கேம் விளையாடத் தம்பியின் விரலையும் போனில் பதிந்து வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலான செயலிகளில் அந்த விரலுக்கும் உங்கள் கணக்கு திறக்கும். செட்டிங்ஸில் போய் முதலில் அதை எடுங்கள்.