பைலட் மெட்ரோபாலிட்டன்: பாம்புத்தோல் பட்டையை விட நிப்தான் விஷயம்

ஜப்பானின் பைலட் நிறுவனம் போடுகிற மெட்ரோபாலிட்டன் மைப்பேனாவில் 'அனிமல்' என்று ஒரு வரிசை உண்டு. பேனா முழுக்க ஒரே நிறம், நடுவில் மட்டும் ஒரு பட்டை, அதில் மலைப்பாம்பு, முதலை, வெள்ளைப்புலி, சிறுத்தை, பல்லி என்று ஏதாவது ஒன்றின் தோல் அச்சு. படத்தில் பார்க்கும்போது கொஞ்சம் பகட்டாகத்தான் தெரியும். நேரில் அப்படி இல்லை. என்னுடையது வெள்ளி நிற மலைப்பாம்பு; உடம்பில் கண்ணைப் பறிக்கிற பளபளப்பு கிடையாது, செதில் அச்சும் அந்தப் பட்டையோடு நின்றுவிடுகிறது, அதனால் சட்டைப்பையில் குத்திக்கொண்டால் கிளிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது, மூடியைக் கழற்றினால்தான் யாராவது "இது என்ன பேனா" என்று கேட்கிறார்கள். மூடி திருகு இல்லை, இழுத்தால் வந்துவிடும், மூடும்போது 'டக்' என்று உட்காரும்.

உடம்பு பித்தளை. மொத்தம் 26 கிராம் அளவில் வரும், பால்பாயிண்ட் பழகிய கைக்கு முதலில் கனமாகத் தோன்றும். மூடியைப் பின்னால் மாட்டாமல் எழுதினால் சரியாக இருக்கிறது.

இப்போது எழுத்துக்கு வருவோம். நிப் என்பது மை இறங்கி எழுதுகிற உலோக முனை; ஜப்பான் நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளை விட பொதுவாக ஒரு படி மெல்லியவை. இவர்களுடைய ஃபைன் (மெல்லிய நிப்), மற்றவர்களின் எக்ஸ்ட்ரா ஃபைனுக்கு (இன்னும் மெல்லியது) பக்கத்தில் இருக்கும். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம், தமிழில் பொடி எழுத்து எழுதுகிறவர்களுக்கு அப்படி இல்லை: 'ணை', 'ஞ', 'இ' இதெல்லாம் கோடு போட்ட நோட்டில் தடித்த நிப்பால் எழுதினால் சுழிக்குள் மை நிரம்பி அடைத்துவிடும், 'ண'வா 'ன'வா என்று திரும்பப் படிக்கும்போது நமக்கே தெரியாது. இதில் மூன்று சுழியும் தனித்தனியாகத் திறந்து நிற்கிறது, மெய்யெழுத்தின் புள்ளியும் புள்ளியாகவே விழுகிறது. அந்த மெல்லிசுக்கு விலையும் உண்டு, தாளில் லேசான ஒரு உரசல் கேட்கும். எனக்கு அது பிடிக்கும். வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் இதைவிடக் கொஞ்சம் தடித்த மீடியம் நிப் வாங்குங்கள். சாதாரண மலிவு நோட்டில் மை ஊறுகிற தொல்லையும் ஃபைனில் குறைவு.

குறை சொல்வதென்றால், விரல் பிடிக்கிற கழுத்துப் பகுதிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. நிப்புக்குப் பக்கத்தில் பிடிப்பவர்களுக்கு அது தெரியாது, மேலே தள்ளிப் பிடிப்பவர்களுக்கு விரலில் உறுத்தும், வாங்குவதற்கு முன் யாரிடமாவது வாங்கிப் பிடித்துப் பார்ப்பது நல்லது. அப்புறம் கான்-40 கன்வெர்ட்டர், அதாவது புட்டியிலிருந்து மையை உறிஞ்சி வைத்துக்கொள்கிற உள்குழாய். அரை மில்லி மை கூடப் பிடிக்காது, நிறைய எழுதுகிறவருக்குப் போதாது. காலியான பைலட் கார்ட்ரிட்ஜை (மை நிரப்பியே விற்கிற சின்னக் குழாய்) தூக்கிப் போடாமல் சிரிஞ்சால் மை ஏற்றிக்கொண்டால் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கும், கேம்லின் ராயல் ப்ளூவே நன்றாக ஓடுகிறது.

பட்டை வேண்டாம் என்றால் ஒற்றை நிறத்திலும் இதே பேனா வருகிறது, நிப் ஒன்றுதான். மாணவர்களுக்கு என்றால் பைலட் காகுனோவைப் பாருங்கள்: பிளாஸ்டிக் உடம்பு, எடை குறைவு, இதன் நிப்பையும் அதன் நிப்பையும் இழுத்து மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.