பில்லுல டிரை கிளீன், புடவையில தண்ணி: 46,500 ரூபாய் பட்டு பாழ்

வீட்டு வாசலுக்கே வந்து துணி எடுத்துட்டுப் போற லாண்டரி ஆப்ல பட்டுப்புடவை போடலாம்னு இருக்கிறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. 46,500 ரூபாய் புடவை. காஞ்சிபுரம் கோர்வை, அசல் ஜரிகை, சந்தன நிற உடல், அரக்குக் கரை. எங்க நாத்தனார் பொண்ணோட முகூர்த்தப் புடவை. இப்ப அது குழந்தைக்குத் தூளி கட்டக்கூட லாயக்கில்லை.

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில பட்டுப்புடவையோட கீழ்க்கரை உள்பக்கம் ஃபால்ஸ் துணி அடிச்சு, முந்திக்குக் குச்சு கட்டுற வேலை எனக்கு. புடவையைத் தொட்டாலே என்ன நடந்திருக்குன்னு சொல்லிடுவேன். அதனாலதான் இந்த ஏமாத்து வேலையை இவ்வளவு விவரமா எழுதறேன்.

நம்ப வெச்ச விதத்தைக் கேளுங்க. துணி எடுக்க வந்த பையன் கையுறை மாட்டிக்கிட்டான். வெள்ளை மல் துணியை விரிச்சு, ஜரிகை உள்பக்கம் போற மாதிரி மடிச்சான். பட்டு தெரிஞ்சவங்கதான் அப்படி மடிப்பாங்க. முந்தியில ஒரு மஞ்சள் கறை, கொசுவத்துக்கிட்ட ஒரு பாயசக் கறை, ரெண்டையும் டேக்ல குறிச்சுக்கிட்டான். டிரை கிளீனைத்தான் நாங்க பெட்ரோல் வாஷ்னு சொல்வோம். "பெட்ரோல் வாஷ்தானே தம்பி, தண்ணி படாதே?"ன்னு கேட்டதுக்கு, "பட்டுக்கு டிரை கிளீன் மட்டும்தான்க்கா, தனி மெஷினே இருக்கு"ன்னான். பில்லும் அப்படியே வந்தது: பட்டு, டிரை கிளீன், ரோல் பாலிஷ், 650 ரூபாய்.

திரும்பி வந்தப்போ கண்ணாடிக் கவருக்குள்ள பளபளன்னு விறைப்பா இருந்தது. ரோல் பாலிஷோட தந்திரமே அதுதான். பசைத் தண்ணியைத் தெளிச்சு, ரெண்டு உருளைக்கு நடுவுல சூடா இழுத்துவிட்டா எந்தக் கந்தலும் அன்னைக்கு ஒரு நாள் புதுசாத் தெரியும். ராயபுரம், காசிமேடு பக்கத்து ஈரக்காத்து ஒரு ராத்திரி பட்டா பசை இளகும், உள்ளே இருக்கிற சுருக்கம் வெளியில வரும். வந்தது.

தண்ணியில முக்கியிருக்காங்கன்னு புடவையே சொல்லுது. ஃபால்ஸ் பருத்தித் துணி. முன்னாடி நனைச்சுக் காயவைக்காம அடிச்சிருந்தா, முதல் தண்ணியிலேயே சுருங்கிக் கீழ்க்கரையை மேலே இழுக்கும். பெட்ரோல் வாஷ்ல அப்படிச் சுருங்காது. இந்தப் புடவையில ஃபால்ஸ் இருக்கிற நீளத்துக்கு மட்டும் கரை அலை அலையா நிக்குது, மீதி இடத்துல இல்லை. அடுத்தது சாயம். கோர்வையில உடலும் கரையும் தனித்தனி நூல், சேர்ற இடம் பல் பல்லாக் கோத்திருக்கும். அந்தப் பல்லு வழியா அரக்கு சந்தனத்துக்குள்ள விரல் அகலத்துக்கு ஊறியிருக்கு. பட்டுச் சாயம் தண்ணியில கரையும், பெட்ரோல்ல சாதாரணமா இறங்காது.

இதெல்லாம் கூட வாதாடலாம். மஞ்சள் கறைக்கு என்ன பதில்? முந்தியில மஞ்சளா இருந்தது செங்கல் சிவப்பாத் திரும்பி வந்திருக்கு. மஞ்சளோட சுண்ணாம்பு, சோடா மாதிரி காரம் சேர்ந்தா சிவக்கும்; சுண்ணாம்பு கலந்து ஆரத்தித் தண்ணி கரைக்கிற ஊர்ல இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காரம் சோப்புத்தூள்ல இருக்கிற சோடாவுல வந்தது. பெட்ரோல்ல சோடா ஏது?

பாயசக் கறை இருந்த இடத்துல இன்னும் மோசம், பிளீச் வெச்சிருக்காங்க. பட்டு, முடி மாதிரி புரதம். குளோரின் பிளீச் அதைப் பழுப்பாக்கி அரிச்சுடும். விரல் வெச்சு லேசா இழுத்தாலே அங்கே இழை விலகுது. அந்த வட்டத்துல இருக்கிற புட்டா, அதாவது ஜரிகைப் பூ மட்டும் கருத்துப் போச்சு. ஜரிகையில தங்கம்ங்கிறது மேலே ஒரு முலாம், அதுக்குக் கீழே இருக்கிறது வெள்ளி. குளோரின் வெள்ளியில பட்டு, அப்புறம் வெளிச்சமும் பட்டா சாம்பல் கலந்த கறுப்பாகும். முலாம் போனது போனதுதான், எந்தப் பாலிஷும் திருப்பிக் கொண்டுவராது.

போன் பண்ணா முதல்ல, "ரோல் பாலிஷ்ல அப்படித்தான் மேடம் இருக்கும், ஒரு தடவை கட்டினா செட் ஆயிடும்." கிழிய ஆரம்பிச்ச பட்டு கட்டினா செட் ஆகுமாம்! அப்புறம் இன்னொரு பொண்ணு, "உங்க ஜரிகையே டூப்ளிகேட்டா இருக்கலாம்." பின்பக்கத்துல இருந்து ஒரு இழையை உருவிப் பிரிச்சு, உள்ளே சிவப்புப் பட்டு நூல், அதுமேல சுத்தின கம்பியைச் சுரண்டினா வெள்ளைன்னு வீடியோ எடுத்து அனுப்பினேன். அதுக்குப் பதில் இல்லை. அடுத்த ஆள், "டெலிவரி ஆன 24 மணி நேரத்துக்குள்ள புகார் பண்ணணும், டைம் முடிஞ்சிருச்சு." பசை இளகினாத்தானே குறை தெரியும்! எந்தப் பட்டறையில துவைச்சீங்கன்னு கேட்டா, மாதவரம் பக்கம் பார்ட்னர் யூனிட்டாம், பேர் சொல்ல மாட்டாங்களாம். தனி மெஷின்னு சொன்னது என்ன ஆச்சு?

கடைசியில மேனேஜர்னு ஒருத்தர் வந்தார். பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்காம், சேதமானா சலவைக் கூலியில 10 மடங்குதான்னு. 46,500 ரூபாய் புடவைக்கு 6,500. அதுவும் கையில இல்லை, ஆப் வாலட்ல. அவங்ககிட்டயே இன்னும் துணி போட்டுக் கழிச்சுக்கணும். 46,500! பழைய ஜரிகைப் புடவையை வெள்ளிக்காக எடுக்கிற சௌகார்பேட்டைக்காரங்க கூட இதைவிட மரியாதையாப் பேசுவாங்க.

பட்டை எப்படிப் பாதுகாக்கணும்னு முழுசா எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன்.

புடவை கொடுக்கும்போது முந்தி, கரை, கறை, ஃபால்ஸ் எல்லாத்தையும் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுங்க. புடவை விலையைப் பில்லுல எழுத வையுங்க; எழுத மாட்டேன்னா கொடுக்காதீங்க. வாங்கின ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. எந்த இடத்துல துவைக்கிறாங்கன்னு கேளுங்க. மெஷின் கண்ணுக்குத் தெரியற கடை சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. முதல் தடவை ரோல் பாலிஷ் வேண்டாம்னு சொல்லுங்க, வெறும் பெட்ரோல் வாஷ் போதும், தப்பு நடந்தா மறைக்க முடியாது. திரும்பி வந்ததும் ஆள் எதிர்லயே கவரைப் பிரிச்சு மோந்து பாருங்க. பூ வாசனை லிக்விட் மணம் வந்தா தண்ணியில போட்டிருக்காங்க.

ஃபால்ஸ் துணியை அடிக்கிறதுக்கு முன்னாடி நனைச்சுக் காய வையுங்க. சாப்பாட்டு எண்ணெய் பட்டா தேய்க்காதீங்க, முகப்பவுடரைத் தூவி ஊறவெச்சுத் தட்டிவிடுங்க. சென்ட்டை ஜரிகை மேல அடிக்காதீங்க. பிளாஸ்டிக் கவர்ல பூட்டாதீங்க, வியர்வை ஈரம் உள்ளேயே நிக்கும். துவைச்ச பழைய வேட்டியில சுத்தி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்துங்க.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்க வாலட் பணத்தை ஏத்துக்காதீங்க, 'செட்டில்டு'ன்னு போட்டு மூடிடுவாங்க. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். அங்கே முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், வடசென்னைக்குத் தனியாவே இருக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும். புடவையை அதுவரைக்கும் திரும்பத் துவைக்காதீங்க, டேக்கைக் கழட்டாதீங்க. அந்தச் சிவந்த மஞ்சள் கறைதான் சாட்சி.