ஜர்னலா, பேப்பரா, யூடியூபா, ஊருக்கே வந்து சொல்றதா?

மன்னார்குடி பக்கம் எங்க ஊருக்கு சில வருஷம் முன்னாடி ஒரு ஆராய்ச்சிக் குழு வந்துச்சு. பஞ்சாயத்து எலெக்‌ஷன், குத்தகை, கூலி, யாரு போய் நின்னா ஆபீஸ்ல வேலை நடக்குதுன்னு வீடு வீடா கேட்டாங்க. களத்துல நெல்லு காயுது, மேக்கால மழை இருட்டிக்கிட்டு வருது, எங்கப்பா திண்ணைய விட்டு எந்திரிக்கவே இல்ல, ரெண்டரை மணி நேரம் பதில் சொன்னாரு, "படிச்ச புள்ளைங்க கேக்குது, சரியாச் சொல்லணும்"னாரு. அப்புறம் அவங்க இந்தப் பக்கமே வரல. கட்டுரை வந்துருச்சான்னு நானாத் தேடிப் பாத்தா இங்கிலீஷ் ஆராய்ச்சிப் பத்திரிகையில, அதான் ஜர்னல்ல இருக்கு, படிக்க 30 டாலருக்கு மேல கட்டணும்.

அரசியல் ஆராய்ச்சிய சனங்ககிட்ட கொண்டுவர எனக்குத் தெரிஞ்சு நாலு வழி. நாலையும் நான் ஒரே அளவுகோல் வச்சுத்தான் பாக்குறேன்: யாரைப் பத்தி எழுதுனாங்களோ அவங்க "இது தப்புங்க"ன்னு சொல்ல வழி இருக்கா?

ஜர்னலும் புத்தகமும் இல்லாம மத்தது எதுவும் நிக்காது, அதை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். மானிடவியல் ஆராய்ச்சியாளர் கேத்லீன் கஃப் 1950கள்ல தஞ்சாவூர் ஜில்லாவுல தங்கி நிலம், சாதி, கூலி பத்தி எழுதி வச்சாங்க, 1976ல திரும்ப வந்தும் பாத்தாங்க. சமூகவியல் ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே பெத்தேய் அதே ஜில்லாவுல ஒரு அக்ரஹாரத்துல தங்கி எழுதுனது 1965ல புத்தகமா வந்துச்சு. சாதி, நிலம், அதிகாரம் மூணும் ஒரே கையில இருந்தது எப்படிப் பிரிய ஆரம்பிச்சுதுன்னு இன்னைக்கும் அதை வச்சுத்தான் பேசுறோம். ஆனா கஃப் எழுதுன கும்பபேட்டை, பெத்தேய் எழுதுன ஸ்ரீபுரம் ரெண்டுமே ஊருக்கு மாத்தி வச்ச பேரு. சொன்னவங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னு பண்ணது, நியாயம்தான், ஆனா அந்த ஊர்க்காரரே புத்தகத்தைக் கையில வாங்குனாலும் இது நம்ம ஊருன்னு எப்படிக் கண்டுபிடிப்பாரு?

பேப்பர்க் கட்டுரைக்கு பலமே நேரம்தான். 2018 பிப்ரவரி 16ல சுப்ரீம் கோர்ட்ல காவிரித் தீர்ப்பு வந்தப்போ, எல்லையில தண்ணிய அளக்குற பிலிகுண்டுலுல நமக்கு வருஷத்துக்கு வரவேண்டிய தண்ணி 192 டிஎம்சிலேருந்து 177.25 ஆச்சு. டெல்டாவுல நிலத்தடி நீர் இருக்குன்னு 10 டிஎம்சிய கணக்குல எடுத்துக்கிட்டதும் அதுக்கு ஒரு காரணம்னு எனக்குப் புரிஞ்சது பேப்பர் படிச்சுத்தான், கடைமடையில போர் போட்டா உப்புத்தண்ணி வருதேன்னு டீக்கடையில ஒருத்தர் உடனே கேட்டாரு, சரியான கேள்வி, ஆனா அது டீக்கடையோட போச்சு, எழுதுனவருக்குப் போய்ச் சேரல.

யூடியூப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் போய்ச் சேருது, அது பெரிய விஷயம், எங்கம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே ஒரு மணி நேரப் பேச்சக் கேக்குறாங்க. ஆனா ஆராய்ச்சியில "ஆனா"ங்கிற வார்த்தைதான் உயிரு, அதை வெட்டிட்டு 40 செகண்ட் துண்டு வாட்ஸாப்ல சுத்துது. பேப்பர்ல இடம் பத்தாம அந்த "ஆனா" போகுது, இதுல யாரோ வெட்டுறதுல போகுது. ரெண்டையும் வச்சுப் பாத்தா நான் பேப்பரத்தான் நம்புவேன்.

நாலாவது, ஊருக்கே திரும்பி வர்றது. போன வருஷம் வேற ஒரு ஆராய்ச்சியாளர் வந்தாரு, ஸ்கூல் தாழ்வாரத்துல தமிழ்ல எட்டுப் பக்கம் பிரிண்ட் குடுத்து, தான் எழுதுனதை வாசிச்சாரு. வெள்ள நிவாரணம் யாருக்குக் கிடைக்குதுங்கிறது கட்சி செல்வாக்கைப் பொறுத்ததுன்னு ஒரு இடத்துல வந்துச்சு. பின்னாடி நின்ன ஒரு அக்கா, "கட்சியெல்லாம் அப்புறம் சார், அடங்கல் யாரு பேருல இருக்கு? நாங்க வாய்வார்த்தையில உள்குத்தகை பாக்குறோம், எங்க பேரே எதுலயும் இல்லையே, வெள்ளாமை போனது எங்களுக்கு, பணம் போறது வேற ஆளுக்கு"ன்னாங்க. குத்தகைதாரர் பேரைப் பதிவு பண்ண 1969லயே சட்டம் வந்தாச்சு, அது தெரிஞ்ச அவருக்கே, அடங்கல்ங்கிற பயிர்க் கணக்குல பேரு இல்லாதவங்களுக்கு நிவாரணம் போகலங்கிற இந்த முடிச்சு அதுவரைக்கும் பிடிபடல. பேனாவை எடுத்து அந்தப் பக்கத்துலயே எழுதுனாரு. இந்தத் திருத்தம் எந்த ஜர்னல்லேருந்தும் வந்திருக்காது.

பெரிய அளவுலயும் இது நடந்திருக்கு. 2003ல காவிரிக் குடும்பம்னு தமிழ்நாடு, கர்நாடக விவசாயிங்க ஒண்ணா உக்காந்தாங்க, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்த பேராசிரியர் ஜனகராஜன் மாதிரி ஆளுங்க கூட நின்னாங்க, ஒருத்தர் வயல இன்னொருத்தர் நேர்ல போய்ப் பாத்தாங்க. தீர்ப்பு கோர்ட்லதான் வந்துச்சு, இருந்தாலும் எதிராளியோட வரப்புல நின்னு பாக்குறத எந்தக் கட்டுரையும் குடுக்காது.

இதுல குறையும் இருக்கு. ஊர்க்கூட்டம்னா பெரிய நிலக்காரங்க நாற்காலியில முன்னாடி, மத்தவங்க வாசல்ல நிப்பாங்க, வாய் தொறக்க மாட்டாங்க. வேலையில மேல போறதுக்கு ஜர்னல்தான் உதவும், ஊர்க்கூட்டம் உதவாது, அதனால சின்ன வயசு ஆராய்ச்சியாளர்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்களுக்குப் பணமும் நாளும் ஒதுக்க வேண்டியது பல்கலைக்கழகம்.

என் முடிவு, முதல்ல ஊரு, அங்க திருத்துனது ஜர்னலுக்கு, அப்புறம் பேப்பர், கடைசியா வீடியோ. வர்றவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன். ஜூன்ல மேட்டூர் தொறந்து நாத்து விடுற நேரத்துல வராதீங்க, யாரும் உக்கார மாட்டாங்க, தாளடி அறுப்பும் முடிஞ்சு பங்குனியில வாங்க. குடியானத் தெருவுல ஒரு கூட்டம், காலனியில தனியா ஒரு கூட்டம், பொம்பளைங்களுக்கு சாயங்காலம் வேலைலேருந்து வந்தப்புறம். பிரிண்ட்ல எழுத்து பெருசா இருக்கட்டும், எங்கப்பாவுக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியல.