ஒன்பது வருடம் குடியிருந்த பிறகு இந்த வீட்டைப் பற்றி

வீடு பார்க்கப் போன அன்று நான் கவனித்தவை மூன்று: தரை டைல்ஸின் பளபளப்பு, சமையலறை அலமாரிகள், மாலை வெயில் விழும் ஜன்னல். ஒன்பது வருடம் குடியிருந்தாயிற்று. அந்த மூன்றைப் பற்றியும் இன்று நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்ல எதுவும் இல்லை. சொல்ல இருப்பதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீடு. ஒரு படுக்கையறையின் சீலிங் மட்டும் மற்ற அறைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக இருந்தது. இங்கே மட்டும் ஏன் பெயின்ட் அடித்தீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டாம் வருட மழையில் அதே இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை வந்தது.

அந்த அறைக்கு மேலே பாதி மொட்டை மாடி, பாதி குளியலறை. மழையில் வந்த கறை என்பதால் வந்து பார்த்த எல்லோரும் மொட்டை மாடியைத்தான் கைகாட்டினார்கள். நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு ஒரு முறை அடித்தோம். மறு வருடம் இன்னொரு முறை. கறை மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்தது, அதுவும் கோடையிலும்! மழையே இல்லாத மாதத்தில் பெரிதாகும் கறைக்கு மொட்டை மாடி எப்படிக் காரணமாகும் என்று யோசிக்க எனக்கு இரண்டு பூச்சுச் செலவு ஆனது.

அப்புறம்தான் ஒழுங்காகச் சோதித்தோம். முதலில் குழாய். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். யாரும் தண்ணீர் தொடாமல் காலையில் மறுபடி பார்க்க வேண்டும். (மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடென்றால் தொட்டிக்கு வரும் வால்வை அடைத்துவிட்டு, தொட்டியின் மட்டத்தைக் குறிக்க வேண்டும். மீட்டர் தொட்டிக்கு முன்னால் இருப்பதால் அது எதையும் காட்டாது.) எங்கள் வீட்டில் மட்டம் இறங்கவே இல்லை. ஆக, தண்ணீர் கொண்டுவரும் குழாயில் பழுதில்லை.

அடுத்தது குளியலறைத் தரை. வடிகால் வாயைத் துணியும் பிளாஸ்டிக் பையும் வைத்து அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கினோம். 24 மணி நேரம் ஆவதற்குள் கீழே கறையின் ஓரம் ஈரமானது. டைல்ஸ் இடுக்கில் இருந்த கிரவுட் உதிர்ந்து, அடியில் இருந்த நீர்த்தடுப்புப் பூச்சும் போயிருந்தது. கிரவுட்டை மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். மனசு ஆசைப்பட்டது, ஆனால் கேட்கவில்லை. கிரவுட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. தடுப்பது அடியில் உள்ள பூச்சுதான். டைல்ஸைப் பெயர்த்து, பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஓர் அடி உயரம் ஏற்றி, புது டைல்ஸ் ஒட்டும் முன்பே மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். "எதற்கு இவ்வளவு?" என்று கொத்தனார் முகம் சுளித்தார். அதன் பிறகு அங்கே கறை வரவில்லை.

மொட்டை மாடியை முழுக்கக் குற்றமற்றது என்றும் சொல்ல முடியாது. வாட்டம் சரியில்லாமல் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும். 100 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. இறக்கமாவது இருந்தால்தான் தண்ணீர் ஓடும். இதைப் பார்க்கக் கருவி வேண்டாம். வாங்கும் முன் மழை விட்ட மறுநாள் ஒரு தடவை மாடி ஏறிப் பாருங்கள். வெயில் நாளில் போனால், குட்டை காய்ந்த இடத்தில் வட்டமாகத் தூசித் தடம் தெரியும். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் சேரும் சருகை அள்ளுவதுதான் ஒன்பது வருடத்தில் நான் செய்த மிக மலிவான பராமரிப்பு.

விருந்தினர் குளியலறையில் துர்நாற்றம் வந்து பிளம்பரையே கூப்பிட்ட கதையும் உண்டு. வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுநீர்க் குழாயின் வாடையைத் தடுக்கிறது. புழங்காத அறையில் அது வற்றிவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதோடு சரி.

மின்சாரப் பலகையில் கசிவு மின்சாரத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். உயிர்காக்கப் பொருத்துவது பொதுவாக 30 மில்லிஆம்பியர் அளவுடையது. அதில் சோதனைப் பொத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழுத்துவேன். ஆறாம் வருடம் ஒரு நாள் அழுத்தியபோது அது அசையவில்லை. அன்றே எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாற்றினேன். அழுத்திப் பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது.

விரிசல்களுக்கு நான் பயந்த அளவு அவை என்னைப் படுத்தவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் மயிரிழைக் கோடு பெரும்பாலான வீடுகளில் இருப்பதுதான். விரிசல் அகலமாகிக்கொண்டே போனாலோ, அதோடு கதவும் சட்டத்தில் இடிக்கத் தொடங்கினாலோ பொறியாளரைக் கூப்பிட வேண்டும். என் வீட்டுக் கோட்டின் இரு முனையிலும் பென்சிலால் குறி போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். கடைசிக் குறி போட்டு ஐந்து வருடமாகிறது. கோடு இன்னும் அதைத் தாண்டவில்லை.