பழைய காத்துப் படகு வாங்கறவங்க கொஞ்சம் பாத்து வாங்குங்க

கோபியில இருந்து கடலைப் பாக்கோணும்னா ஒரு ராத்திரி பஸ்ஸுல உக்காரோணும். ஆனாலும் எனக்கும் எங்க மச்சானுக்கும் டைவிங் பைத்தியம். ஒவ்வொரு தடவையும் படகு வாடகை குடுத்து மாளலை. கரையில இருந்து நாமளே போயிக்கலாமேன்னு கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட, காத்தடிச்சு உப்ப வெச்சு ஓட்டற பழைய காத்துப் படகு ஒண்ணை 38,000 ரூபாய்க்கு வாங்கினோம்.

"ஹைப்பலான்ங்கற ஒசத்தி ரப்பருங்க, மூணு காத்தறை, அஞ்சு பேரு தாராளமாப் போலாம். மன்னார் வளைகுடாவுல எந்தத் தீவுக்கு வேணாலும் உடலாமுங்க"ன்னார். அந்த 21 தீவும் 1986-லயே தேசியப் பூங்கா ஆயிருச்சு, அனுமதியில்லாமப் போகவே கூடாது. அப்பவே சுதாரிச்சிருக்கோணும். ஆசை கண்ணை மறைச்சிருச்சு.

அப்பிச்சி தோட்டத்துக் கிணத்துல சாயங்காலம் எறக்கிக் கட்டிப் போட்டோம். காலையில போய்ப் பாத்தா எஞ்சின் மாட்டற பின்பலகை தண்ணிக்குள்ள, மூக்கு மட்டும் மேல, எருமை படுத்துக்கிட்ட மாதிரி கெடக்குது. "இதுலயா கண்ணு கடலுக்குப் போறீங்க?"ன்னு அப்பிச்சி கேட்டதுக்குப் பதில் இல்லை.

வித்தவருக்குப் போன் போட்டா, "ராத்திரி குளுருக்குக் காத்து சுருங்குமுங்க"ங்கறார். அது பாதி உண்மைங்கறதுதான் மோசம். குளுந்தா காத்தழுத்தம் கொறையும், வெயில்ல ஏறும். அதனால களத்துல போட்டு மறுபடியும் காத்தடிச்சு உச்சி வெயில் வரைக்கும் உட்டோம். ஏறோணும், எறங்குச்சு.

பஞ்சர் கடை அண்ணனைக் கூட்டிட்டு வந்தோம். சோப்புத் தண்ணியைத் தொட்டு ஒட்டுமேல ஒரு இழு இழுத்தார். பின்பலகை ஓரத்துல மீன் முட்டையாட்டம் கொப்புளம் கொப்புளமா வந்துச்சு. ஒட்டோட ஓரத்தை நகத்துல நெம்பி, மோந்து பாத்துட்டு, "சைக்கிள் சொலூசன் போட்டு ஒட்டியிருக்காங்க தம்பி"ன்னார். உள்பக்கம் ஒரு மூலையில நகப்பூச்சு எடுக்கற அசிட்டோனைத் தொட்டு வெச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. ஹைப்பலான்னா அப்படி ஆகாது; இது பிவிசி. பிவிசிக்குன்னு தனிப் பசை இருக்கு, சைக்கிள் சொலூசன் நிக்காது.

அதைவிடப் பெரிய ஏமாத்து உள்ள இருந்துச்சு. ஒரு அறைக்கு மட்டும் காத்தடிச்சா பக்கத்து அறையும் மெதுவா உப்புது. நடுத் தடுப்பே கிழிஞ்சு கெடக்குது! நடுக்கடல்ல ஒரு பக்கம் போனா மறுபக்கம் தாங்கும்னு நம்பித்தான இதுல ஏறறோம்?

பின்பலகையில "500 கிலோ"ன்னு ஒரு ஸ்டிக்கர். உரிச்சுப் பாத்தா பழைய தகட்டைக் கழட்டின ரிவிட் ஓட்டை நாலு. எத்தனை பேரு, எத்தனை கிலோ, எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு காத்து, எல்லாம் அந்தத் தகட்டுலதான் இருக்கும். எங்க கணக்கையே பாருங்க: ரெண்டு பேரு 150 கிலோ, மூச்சுக்காத்து ரொம்பின சிலிண்டர் ஒண்ணு கிட்டத்தட்ட 17 கிலோன்னு ரெண்டு, முங்கறதுக்கு இடுப்புல கட்டற ஈயப் பெல்ட்டு ரெண்டு, அதுக்கு மேல எஞ்சின், பெட்ரோல். தகடு இல்லாத படகுல இதை ஏத்தறது குருட்டுத்தனம்.

வாங்கியே ஆகோணும்னா ஒரு நாள் முழுக்கக் காத்தோட வெச்சுப் பாத்துட்டு, அறை அறையா அடிச்சுப் பாத்துட்டுக் காசைக் குடுங்க. "அவசரமுங்க, வேற ஆளு வர்றாரு"ன்னு சொன்னா வண்டியைத் திருப்பிருங்க.

காசு இன்னும் வரலை. வித்தவர் போனை எடுக்கறதையும் நிறுத்திட்டார். நேத்து அதே ஆளு இன்னொரு படகை விலைக்குப் போட்டிருக்கார். படம் ஏழு இருக்கு, பின்பலகை தெரியற படம் ஒண்ணுகூட இல்லை.