ஒலித்தொகுப்பு நேர்முகத்துக்கு எதில் பழகுவது: புரோ டூல்ஸ் இன்ட்ரோவா, ரீப்பரா, ரிசால்வா?

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இருந்து கொழும்பிலோ சென்னையிலோ உள்ள ஒலிக்கூடத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவரிடம் வெறும் கேள்வி மட்டும் கேட்பார்கள் என்று நம்ப வேண்டாம். ஒரு காட்சியைத் திறந்து தந்து, "இந்த டயலொக்கைத் துப்புரவாக்குங்கோ" என்றும் சொல்லக்கூடும். திரையில் பெரும்பாலும் புரோ டூல்ஸ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள்தான் இருக்கும்.

அதன் இலவசப் பதிப்பான இன்ட்ரோவில் 8 ஆடியோ ட்ராக்தான் கிடைக்கும். டயலொக்குக்கு 3, ரூம் டோனுக்கு (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தம்) 1, ஃபோலிக்கு (காலடி, துணி உரசல் போலப் பிறகு பதியும் சத்தங்கள்) 2, அம்பியன்ஸுக்கு (காட்சியின் சூழல் சத்தம்) 2 என்று பிரித்தால் ஒரு சிறு காட்சிக்குக் காணும். இதில் பழக வேண்டியது விரல்கள். துண்டுகள் எப்படி நகரும் என்பதை மாற்றும் நாலு மோட்டுக்கும் நாலு விசை: எஃப்1 ஷஃபிள் (ஒன்றோடொன்று ஒட்டி நகரும்), எஃப்2 ஸ்லிப் (விரும்பிய இடத்துக்கு நகரும்), எஃப்3 ஸ்பொட் (சொன்ன நேரத்தில் போய் நிற்கும்), எஃப்4 கிரிட் (கட்டக் கோடுகளில் ஒட்டும்). ஷஃபிளில் இருப்பதைக் கவனிக்காமல் ஒரு துண்டை அழித்தால் அந்த ட்ராக்கில் பின்னால் உள்ளதெல்லாம் முன்னே இழுபட்டு உதட்டசைவு பிசகும். எதையும் அழிக்குமுன் எந்த மோட் என்று பாருங்கள்.

இன்னொரு ஒலித்தொகுப்பு மென்பொருளான ரீப்பர் சின்னக் கோப்பு, போன் டேட்டாவிலேயே இறங்கிவிடும். பழைய லாப்டொப்பிலும் ஓடும். 60 நாள் முழு வசதியோடு பார்க்கலாம், அதன்பின் தனியாருக்கு 60 டொலர். ட்ராக்குக்குக் கட்டுப்பாடில்லை. குறை: ஏ.ஏ.எஃப் கோப்பை (வெட்டிய ஒலித் துண்டுகளை அவற்றின் இடத்தோடு மென்பொருளுக்கு மென்பொருள் கொண்டுபோகும் கோப்பு) நேரடியாகத் திறக்காது. படத்தொகுப்பாளர் தருவது அதுதான் என்பதால் இது சின்னக் குறையல்ல.

படத்தொகுப்பு மென்பொருளான ரிசால்வின் ஒலிப் பகுதி ஃபெயார்லைட். அது ஏ.ஏ.எஃப்பைத் திறக்கும், சத்த அளவைக் காட்டும் லவுட்னெஸ் மீற்றரும் உண்டு. ஆனால் இறக்கவே கிகாபைட் கணக்கில் டேட்டா வேண்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினில் படம் திக்கித் திக்கி ஓடும். திக்குகிற படத்தில் சிங்க் (உதட்டசைவோடு ஒலி பொருந்துகிறதா என்று) பார்ப்பது வீண்வேலை.

ஆகவே வெட்டு, ஃபேட், இரைச்சல் நீக்கம் எல்லாம் ரீப்பரில். கடைசி வாரம் இன்ட்ரோவில். மெஷின் தாங்கினால் மட்டும் ரிசால்வ்.

எதில் செய்தாலும் செஷன் (வேலைக் கோப்பு) 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். 24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டினால் 10 நிமிடத்தில் 24 செக்கன் விலகும். டயலொக் இடைவெளிகளை வெறுமையாக விட்டால் பின்னணி 'டக்'கென்று விழும். ரூம் டோன் 30 செக்கனாவது எடுத்து நிரப்புங்கள். தகரக் கூரை வீடென்றால் வெயில் ஏறுமுன் பதியவேண்டும், சூட்டில் தகரம் வெடிக்கும் சத்தம் போகவே போகாது.

நம் கரண்டின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலும் 100, 150இலும் நிற்கும். மிக ஒடுக்கமாக வெட்டுங்கள். 100ஐ அகலமாக வெட்டினால் ஆண் குரல் மெலிந்து போன் குரலாகிவிடும். நேர்முகத்தில் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் கண்டுபிடிக்கும் முதல் பிழை அதுவாகத்தான் இருக்கும். டெலிவரி அளவு (முடித்துக் கொடுக்கும் ஒலியின் சத்த அளவு) கேட்டால், ஐரோப்பியத் தொலைக்காட்சியின் ஆர்128 விதிப்படி மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு); நெட்ஃபிளிக்ஸ் டயலொக்கை வைத்து மைனஸ் 27 கேட்கும்.