பணியாரம் என்று சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த பள்ளி

கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன நர்சரி பிரைமரி பள்ளி இருக்கிறது. என் மகள் அங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று தலைமை ஆசிரியை கேட்டுக்கொண்டார். வகுப்புக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் அவர் சேர்ப்பதில்லை, தேடி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். அதனால் பெயரை விட்டுவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன், மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிற 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க, நலிவுற்ற பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம். பெரிய பள்ளிகள் கேட்கிற பணத்துக்கோ எங்கேயோ கீழே இருக்கிறோம். இந்த நடுவாந்திர நிலையில் இருப்பவர்களுக்குத்தான் பள்ளி தேடுவது பெரும்பாடு.

மகளுக்குப் பேச்சு திக்கும். ‘ப’, ‘க’ இரண்டும் சுலபத்தில் வராது. யூகேஜி படித்த இடத்தில் தினமும் ஒரு பிள்ளை எழுந்து நின்று கிழமையும் தேதியும் சொல்ல வேண்டும். இவள் முறை வந்தால் நேரமாகிறது என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த வருஷம் முழுக்க அவள் ஒருநாள்கூடச் சொல்லவில்லை. இது எங்களுக்குத் தெரிந்ததே மார்ச் மாதம்தான்.

ஒன்றாம் வகுப்புக்கு வேறு இடம் தேடினோம். ஒரு பெரிய பள்ளியில் முதல் கேள்வியே “பேரன்ட்ஸ் ரெண்டு பேரும் டிகிரியா?” என்பதுதான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவே சொல்கிறது. அப்போது எனக்கு அது தெரியாது. மனைவி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். வீடு திரும்பும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம்தான் இந்தப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவில்லை. ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். “காலையில என்ன சாப்பிட்ட பாப்பா?” என்று கேட்டார். “ப... ப...” என்று ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார். முகத்தில் அவசரமே இல்லை, பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ குழாயை மூடுகிற சத்தம்கூடக் கேட்டது. “பணியாரம்” என்று சொல்லி முடித்தாள். “இனிப்பா, காரமா?” என்றார். “இனிப்பு” என்று பட்டென்று வந்தது. எங்கள் படிப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எங்களுக்கு அதுவே போதும் என்றிருந்தது.

ஆனாலும் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்காமல் பணம் கட்டவில்லை. 2004 ஜூலை 16 அன்று இதே ஊரில் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் போனார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குப் பரவியது. கும்பகோணத்துப் பெற்றோர் எவரும் கூரையையும் படிக்கட்டையும் பார்க்காமல் வர மாட்டார்கள். இங்கே ஓடோ கீற்றோ இல்லாத கான்கிரீட் கூரை, இரண்டு பக்கமும் படிக்கட்டு, ஒன்று இரண்டாம் வகுப்புகள் தரைத்தளத்தில். “பின்பக்கக் கேட்டைத் திறந்து காட்டுங்கள்” என்றேன். ஆயாம்மா சாவி தேடவில்லை, அது தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தது.

கட்டணம் வருஷத்துக்கு 18,000 ரூபாய், மூன்று தவணை. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான அரசுக் குழு நிர்ணயித்த தொகை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் கேட்டதில்லை, கட்டியதற்கெல்லாம் ரசீது உண்டு. சீருடைத் துணியை எந்தக் கடையிலும் எடுக்கலாம். 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பில் பார்த்தால் சொல்ல முடியாது, எல்லோரும் கலந்தே உட்காருகிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. விளையாட இடம் போதாது, முற்றம்தான் மைதானம். வேன் மழைக்காலத்தில் அரைமணி நேரம் தாமதம், போன் செய்தாலும் எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் பேசிப் பழக்குவது குறைவு. என் மைத்துனர் பிள்ளை பேசுகிற அளவுக்கு இவள் பேசுவதில்லை. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது, அதற்குள் அடுத்த பள்ளிக்குப் பணம் சேர்க்க வேண்டும்.

சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காலையில் போகாதீர்கள், பள்ளி விடுகிற நேரத்தில் போய்க் கேட் பக்கம் நில்லுங்கள். கடைசியாக வருகிற பிள்ளையிடம் ஆயாம்மா எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

இங்கேயும் கிழமை சொல்கிற வழக்கம் உண்டு. போன மாதம் மகளின் முறை புதன்கிழமை வந்தது. “வேற நாள் வேணுமா?” என்று மிஸ் முன்னாடியே கேட்டிருக்கிறார், இவள் வேண்டாம் என்றிருக்கிறாள். அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல் மெஷின் பக்கத்தில் போய் நின்று, அம்மாவிடம் “இன்று பு... பு... புதன்கிழமை” என்று முழுசாகச் சொல்லிக் காட்டினாள்.